காய்ச்சும் கை

இருபது லீற்றர் பியர் காய்ச்ச ஒரு சனிக்கிழமை போதும். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை நாலரைக் கிலோவை ஒன்றிரண்டாக உடைத்து, 66 பாகைச் சூட்டுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். தானியத்துக்குள் இருக்கிற மாப்பொருள் அந்தச் சூட்டில் சர்க்கரையாக மாறும். பிறகு வடித்து, இன்னொரு மணித்தியாலம் கொதிக்கவைக்க வேண்டும். ஹொப்ஸ் பூவைக் கொதி தொடங்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் மணம் தங்கும். ஆறவைத்து, நொதியைத் தூவி, மூடிவைத்தால் எங்களுடைய வேலை முடிந்தது. மிச்சத்தை நொதி பார்த்துக்கொள்ளும்.

லாச்சப்பலில் நான் இருக்கிற பழைய கட்டடத்தின் நிலவறை மாரிகாலத்தில் 12 பாகையளவில் நிற்கிறது. குளிரில் வேலை செய்கிற லாகர் நொதிக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. தண்ணீர்தான் சிக்கல். 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசெஃப் குறோல் என்ற பவேரியர் காய்ச்சிய பொன்னிறப் பியர்தான் இன்று உலகம் முழுக்கக் குடிக்கப்படுகிற வெளிறிய லாகர் பியர்களுக்கெல்லாம் மூத்தது. பில்சன் தண்ணீர் மிக மென்மையானது. பாரிஸ் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். இந்தத் தண்ணீரில் ஹொப்ஸின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று நிற்கும். ஆகவே பாதிக்குப் பாதி கனிமம் குறைந்த போத்தல் தண்ணீர் கலக்கிறேன். எனக்கு வேண்டியது நல்ல பாகற்காய்க் கறியில் வருகிற கசப்பு. வந்து, தன் வேலையைச் செய்துவிட்டு, வாயைத் துப்புரவாக விட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

தானியம் ஊறும் மணம் மாடிப்படி முழுக்க இறங்கும். மேல்மாடியில் இருக்கிற தமிழ் அம்மா முதல்தடவை கதவைத் தட்டி, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார். ஹோர்லிக்ஸ் மணம் என்று நினைத்திருக்கிறார். அவர் மூக்கில் பிழையில்லை. ஹோர்லிக்ஸிலும் இருப்பது முளைகட்டிய வாற்கோதுமைதான்.

காய்ச்சிய பியரை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போனாலும் மரியாதை. வேலையிடத்துப் பிரெஞ்சுக்காரர் 'ஆர்த்திசனால்' என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரலில் ஒரு பணிவு வந்துவிடுகிறது. எங்கள் ஆட்கள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். "உங்கடை கையாலையே செய்ததோ?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் என்னைச் சில காலமாக அலைக்கழிக்கிறது. ஏனென்றால் நாங்கள் வந்த ஊரில் இதே கேள்விக்கு வேறு அர்த்தம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கள் இறக்குகிறவர்களைச் சீவல் தொழிலாளர் என்பார்கள். பாளைக்கத்தி, முட்டி, காலுக்குத் தளநார். வெள்ளாப்பில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். இருபது மீற்றர் உயரத்துப் பனையில் பாளையை நறுக்கி, முட்டியைக் கட்டி, நிறைந்ததை இறக்க வேண்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பணி. பிள்ளைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் காற்றிலிருக்கிற நொதி சில மணித்தியாலத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். கள்ளின் வெறி என் பியரின் வெறியளவுதான், ஐந்து வீதம் அளவில். சர்க்கரையை உண்டு வெறியத்தையும் வாயுவையும் விடுகிற நொதியும் அதே குடும்பம்தான். வேலையின் கஷ்டத்தை ஒப்பிட்டால் நான் வெட்கப்பட வேண்டும். என் நிலவறைக்கு இறங்கப் பதினெட்டுப் படி. விழுந்தாலும் முழங்காலோடு போகும்.

நான் கள் இறக்குகிற சாதியில் பிறந்தவன் அல்ல, அதை வாங்கிக் குடிக்கிற சாதியில் பிறந்தவன். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் சீவல் தொழிலாளரின் கையால் தண்ணீர் வாங்கமாட்டார்கள். அவர்களை எங்கள் கிணற்றில் அள்ள விடமாட்டார்கள். ஆனால் அந்தக் கையால் ஊற்றிய கள்ளை வாங்கிக் குடித்தார்கள். தண்ணீரில் ஒட்டுகிற தீட்டு கள்ளில் ஒட்டவில்லை. சாத்திரம் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இதற்கு ஓலைப் பிளா பெரிய வசதி. குடித்ததும் எறிந்துவிடலாம், யாருடைய ஏனத்திலும் வாய் படாது. இன்று சூழலுக்கு நல்லது என்று சிலர் அந்தப் பிளாவைப் புகழும்போது, அது எந்தச் சூழலுக்கு நல்லதாக இருந்தது என்று எனக்கு ஞாபகம் வரும்.

கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வந்தது. அதற்கு நாலு வருடம் முந்தி, 1968இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்களைத் தடுத்தார்கள். தேநீர்க் கடைகளில் தனிக் குவளை இருந்த காலம். அந்த வாசலில் தடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேருடைய கள்ளு, தடுத்தவர்களின் வயிற்றில் இருந்திருக்கும்?

ஆக, குடி என்ற செயலில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று பார்ப்போம். மரம் பெரும்பாலும் காணிக்காரருடையது. அவருக்கு மரத்துக்கான பங்கு போகும். அரசாங்கத்துக்கு வரி போகும். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. தவறணையைக் குத்தகை எடுத்தவருக்கு இலாபம் போகும். குடிக்கிறவருக்கு வெறி. ஏறுகிறவருக்குக் கூலியும், மேலே இருக்கிற எல்லோருக்கும் உரிய வெட்கமும். காணிக்காரரைக் 'கள்ளுக்காரன்' என்று யாரும் சொன்னதில்லை. அவர் மரத்தின் சொந்தக்காரர். குடித்தவர் 'கொஞ்சம் எடுப்பார்', அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் கணக்கு இப்படித்தான் போகிறது. ஒத்துழையாமைக் காலத்தில், அப்போது காங்கிரசில் இருந்த பெரியார், மதுவிலக்குக்காகத் தன் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் செயலின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெட்டுவதற்கு மரம் வைத்திருந்தவரால்தான் அதைச் செய்ய முடிந்தது. ஏறிப் பிழைத்தவரிடம் துறப்பதற்கு ஒன்றுமில்லை, அவர் இழக்க மட்டுமே முடியும். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது தடை. 1983இல் உருவான டாஸ்மாக் என்ற அரச நிறுவனமோ 2003 முதல் தானே கடை திறந்து பிராந்தியும் விஸ்கியும் விற்கிறது. பனையில் முட்டி கட்டுகிறவர் குற்றவாளி, கல்லாவில் இருக்கிறவர் அரச ஊழியர். குடி தீமை என்பதால் கள்ளைத் தடை செய்திருந்தால் இப்படி ஒரு ஏற்பாடு இருக்க வழியில்லை.

குடிக்கு எதிராக எங்கள் மொழியில் மிகக் கடுமையாகப் பேசியவர் வள்ளுவர். கள்ளுண்ணாமை அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்துப் பாருங்கள். பத்துக் குறளும் குடிக்கிறவனைத்தான் பிடிக்கின்றன. தாய்க்கு முன்னால் அவன் நிலை, ஊருக்கு முன்னால் அவன் நிலை, காசு கொடுத்து அறியாமையை வாங்குவது, ஒளித்துக் குடிப்பது, குடித்ததில்லை என்று சொல்வது. இறக்குகிறவனைப் பற்றி, விற்கிறவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. வள்ளுவர் குடிகாரனுக்குக் கொடுத்த பழியை நாங்கள் எடுத்து, ஏறினவன் தலையில் வைத்துவிட்டோம்.

அதற்கும் முந்திய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு முழுச் செய்முறையே இருக்கிறது. வலைஞர் குடியில் பாணனுக்குக் கிடைக்கிற உபசாரத்தைச் சொல்கிற இடம். குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவைத்து, இடித்த நெல்முளையைக் கலந்து இனிக்கவிட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு தருகிறார்கள். பியர் காய்ச்சத் தெரிந்த யாரும் இதை வாசித்தால் எழுந்து உட்காருவார்கள். தானியமும் ஹொப்ஸும்தான் வேறு. நான் சனிக்கிழமை செய்கிற வேலை இதுதான். அந்த வலைஞர் வீட்டில் காய்ச்சிய கையைப் பற்றிப் புலவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. 'எங்கள் பண்பாட்டில் குடி இல்லை' என்று மேடையில் பேசுகிறவர்களைச் சமாளிக்க இது போதும். ஆனால் பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது. அந்த வழியில் போனால் எதையும் நியாயப்படுத்தலாம்.

ஏனென்றால் குடி செய்கிற அழிவு உண்மை. லாச்சப்பலில் இருக்கிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு வேலை செய்து, மூன்று பேரோடு ஓர் அறையில் படுத்து, ஊருக்குக் காசு அனுப்பி, விசா இல்லாமல் பத்து வருடம் இழுத்து, கடைசியில் எட்டு வீதத் தகரப் பியரோடு படிக்கட்டில் முடிந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மனைவிமாரையும் தெரியும். எங்கள் தெருக்களுக்கு அடுத்த பக்கம் கூத் தோர். அந்தப் பெயருக்கு 'பொன்துளி' என்று பொருள். முன்னொரு காலம் அங்கே திராட்சைத் தோட்டம் இருந்து, அதன் வெள்ளை வைனுக்கு வந்த பெயர். அதே தெருக்களில்தான் எமில் சோலா 1877இல் 'லாசொம்வார்' நாவலை நிறுத்தினார். கூரை வேலை செய்கிற கூப்போ மேலிருந்து விழுகிறான், படுக்கையிலிருந்து எழும்பும்போது குடிகாரனாக எழும்புகிறான், சலவைக்காரி ஜெர்வேசையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறான். உயரத்தில் ஏறிப் பிழைக்கிறவன் விழுகிற கதை எங்களுக்குப் புதிதல்ல. இப்போது அதே கூத் தோரில் 2012இல் ஒரு சிறு பியர் வடிசாலை திறந்து, மீர்ஹா, எர்னெஸ்தீன் என்று பக்கத்துத் தெருக்களின் பெயர்களைப் பியருக்கு வைத்தார்கள். சோலாவின் ஏழைகள் செத்த தெருக்கள் போத்தலில் அழகான பெயர்களாகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்தப் பியரை விரும்பிக் குடித்திருக்கிறேன்.

அப்படியானால் செய்கிறவனுக்கும் பொறுப்பு இல்லையா? உண்டு என்று சொல்கிற மரபு ஒன்று இருக்கிறது. அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வாணிபங்கள் சொல்லப்படுகின்றன: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு. இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இது தொழிலைப் பார்க்கிறது, பிறப்பைப் பார்க்கவில்லை. விற்கிறவன் எவனாயிருந்தாலும் குற்றம் ஒன்றுதான். இந்த அளவுகோலை எடுத்தால் டாஸ்மாக்கும் மாட்டும், பொர்தோவின் வைன் மாளிகைகளும் மாட்டும், நானும் மாட்டுவேன். மாட்டிக்கொள்ளத் தயார். எனக்குக் காசுக்கு விற்கிற எண்ணம் இல்லை என்பது தப்பிக்க வழியல்ல, கொடுத்தாலும் குடிக்கிறவர் குடிக்கத்தான் செய்கிறார். யார் கேட்டாலும் இரண்டு போத்தலுக்கு மேல் கொடுப்பதில்லை, குடி விட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். அவை போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் பதில். ஆனால் பேசக்கூடிய ஒழுக்கம் இதுதான். மற்றது ஒழுக்கமே அல்ல, சாதி.

இந்த நாட்டில் பியருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கௌரவம் நிற்கிறது என்று பாருங்கள். 1870–71 போரில் ஜெர்மனியிடம் தோற்ற கோபத்தில், ஜெர்மன் பியரை மிஞ்ச வேண்டும் என்று பாஸ்தர் உட்கார்ந்து ஆராய்ந்து, 1876இல் பியரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். நொதி ஓர் உயிர், பியர் கெடுவது வேறு நுண்ணுயிர்களால் என்று காட்டினார். பாரிசில் அவர் பெயரில் மெத்ரோ நிலையமே இருக்கிறது. சுண்ணாம்பு பூசினால் நொதி வேலை செய்யாது, காலையில் இறக்கியது பின்னேரம் புளிக்கும், பழைய முட்டியில் கட்டினால் கள் விரைவில் ஏறும் என்று பாஸ்தருக்கு எத்தனையோ தலைமுறை முந்தியே தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களுடைய அறிவை நாங்கள் அறிவு என்று சொன்னதில்லை, பழக்கம் என்றோம்.

இங்கே எனக்குப் பியர் வேலையில் துணை நிற்கிற ஓர் அண்ணை இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் றெஸ்ரோறன்ற் குசினிகளில் வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறார். மானி வைத்துச் சர்க்கரையை அளந்துதான் எனக்குத் தெரியும். அவர் மூடியைக் கொஞ்சம் நீக்கி, மணந்து, "இன்னும் ரெண்டு நாள் கிடக்கு, தம்பி" என்பார். ரெண்டு நாள் கழித்து மானியும் அதையே சொல்லும். இது எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. 'ஊரிலை எந்தப் பக்கம்?' என்று தொடங்குகிற எங்கள் ஆட்களின் விசாரணை எங்கே போய் முடியும் என்று லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரியும். 2007இல் பாரிசில் தலித் மாநாடு நடந்தபோது, புலம்பெயர்ந்த இடத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களே கலியாணப் பேச்சில் அதைக் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரர்கள். ஒருநாள் அவரே சொன்னார், போத்தல் கழுவிக்கொண்டே:

"எங்கடை வீட்டை வந்து குடிச்ச ஆக்கள் ஒருதரும் எங்கடை வீட்டிலை தண்ணி கேட்டதில்லை, தம்பி. கள்ளுக் குடிச்சாப் பிறகு தாகம் வரும்தானே. தங்கடை வீட்டை போய்த்தான் குடிப்பினம்."

சொல்லிவிட்டு அடுத்த போத்தலை எடுத்தார்.

என் அக்காவின் மகன் இங்கே பிறந்தவன், இருபத்தாறு வயது, வடிவமைப்புப் படித்தவன். இந்தப் பியரை முறையாகச் சுங்கத் துறையில் பதிந்து, சிறிய அளவில் விற்கலாம் என்று நிற்கிறான். வீட்டுக் குடிக்குக் காய்ச்சினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். விற்றால் வரி கட்ட வேண்டும். அதற்கு லேபலும் வரைந்துவிட்டான். பெயர் 'தவறணை'. ஒரு பனை, பாதி உயரத்தில் முட்டியோடு ஏறுகிற ஒரு மனிதர். நல்ல படம், கோடுகளில் உயிர் இருந்தது. அவன் நினைப்பும் நல்லதுதான். இவ்வளவு காலம் மறைத்து வைத்தவர்களைப் போத்தலின் முகத்தில் வைக்க வேண்டும் என்கிறான்.

அண்ணை கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "மரத்தைப் போடும். ஏறுறவரைப் போடாதையும்" என்றார்.

"ஏன் அங்கிள்? அவையளைத்தானே காட்ட வேணும்?"

"லாச்சப்பலிலை விக்கப் போறீர். வாங்கிறவன் படத்தைப் பாத்திட்டு முதல் கேக்கிறது 'ஆர் காய்ச்சினது' எண்டுதான். என்ரை பேத்தி இஞ்சை பள்ளிக்கூடம் போறாள்."

மருமகன் வாதாடினான். மனிதரை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் வைத்தால், ஊரில் இத்தனை காலமும் செய்ததையே நாங்களும் செய்கிறோம் என்றான். மரம் பெருமை, கற்பகதரு, தமிழரின் அடையாளம். ஏறினவர் மட்டும் படத்தில் இல்லை. அவன் சொல்வது சரி. அண்ணை சொல்வதும் சரி. இரண்டும் சரியாக இருக்கும்போது யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. என் மருமகன் அந்தப் படத்தைப் போட்டால் அது வடிவமைப்பு. அண்ணையின் பேத்தி அதே போத்தலைக் கையில் வைத்திருந்தால் அது வாக்குமூலம். ஆகவே முடிவு அவருடையது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதையும் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. ஏனென்றால் முடிவை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் கைகழுவினால், பாரம் மறுபடியும் ஏறினவரின் பிள்ளைக்குத்தான்.

கடைசியில் மருமகன்தான் ஒரு வழி சொன்னான். படத்தை எடுத்துவிடுவோம், ஏறுகிறவரையும் மரத்தையும் சேர்த்து. 'ஆர் காய்ச்சினது' என்ற கேள்விக்கு லேபலே பதில் சொல்லட்டும். 'காய்ச்சியவர்' என்று போட்டு, கீழே என் முழுப் பெயர், ஐயாவின் பெயர், எங்கள் ஊர், குறிச்சி. ஊரில் பத்திரம் எழுதுகிற மாதிரி. யாழ்ப்பாணத்தவர் யாரும் அந்த நாலு வரியை வாசித்தால், நான் எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வாங்குகிறவர் அந்தக் கையால் காய்ச்சியதைத்தான் குடிக்க வேண்டும். அண்ணைக்கு அது பிடித்தது. என் பெயரில் எழுத்துப்பிழை இருந்ததைக்கூட அவர்தான் கண்டுபிடித்தார்.

விஷயம் எப்படியோ லண்டனுக்குப் போய், ஞாயிறு இரவு அத்தை ரெலிபோன் எடுத்தார். "உனக்கென்ன விசரோ? செத்த மனிசன்ரை பேரைக் கொண்டுபோய்க் கள்ளுப் போத்தலிலை ஒட்டப் போறியோ?" இது கள்ளில்லை, பியர் என்றேன். "எல்லாம் ஒண்டுதான்" என்றார். போன மாசிமாதம் மகனின் பிறந்தநாளுக்கு என்னிடம் கேட்டு வாங்கி, யூரோஸ்ராரில் பத்திரமாகக் கொண்டுபோன இரண்டு போத்தலும் அதே பியர்தான்.

லேபல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வினாயகர் தேர் முடிந்த பிறகு கொடுப்பதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.